கரையோரக் கொடிகள் – 17: ஊர்ப்பெயர் சொல்லும் ஒரு வரி

கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்ததையும், நவம்பர் 1 அன்று காரைக்காலின் நிர்வாகம் கைமாறியதையும் சென்ற இதழில் பார்த்தோம். 1739 பிப்ரவரியில் தஞ்சை மராட்டியரின் சீமையில் காலூன்றிய பிரெஞ்சுக்காரர்கள், நடுவே ஆங்கிலேயரிடம் சில முறை ஊரைப் பறிகொடுத்தார்கள், 1817இல் திரும்பப் பெற்றார்கள். வந்த நாள் முதல் கணக்கிட்டால் 215 ஆண்டுகள்.

பல வரலாற்று நூல்கள் காரைக்காலின் பிரெஞ்சுக் கதையை இந்த இடத்தில் முடித்துவிடுகின்றன. கொடி இறங்கிவிட்டது, கதையும் முடிந்தது என்று. ஆனால் ஓர் ஊரின் நினைவு கொடிக்கம்பத்தில் இல்லை. செப்பேடு, திருமேனி, ஓலை, பதிவேடு, கப்பல் பட்டியல், வீட்டுப் பத்திரம் என்று அது நூறு இடங்களில் கிடக்கிறது. அவற்றை யார் எடுத்தார்கள், எங்கே வைத்தார்கள், எந்த ஊர்ப் பொருள் என்று எழுதி வைத்தார்களா? இந்த இதழில் நாம் பார்க்கப்போவது அந்தக் கணக்கை.

ஒரு கரை, மூன்று தூர தேசங்கள்

தரங்கம்பாடியில் தொடங்கி காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் வரை கடலோரமாகப் போனால் சுமார் 35 கிலோமீட்டர். இந்தச் சிறு தொலைவுக்குள் டேனிஷ்காரர், பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர் என மூன்று நாட்டாரின் கோட்டைகள் இருந்தன. மூவரும் போய்விட்டார்கள். இந்தக் கரையின் எழுத்துகளும் பொருள்களும் அவர்களோடு மூன்று திசைகளில் போயின.

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியானுக்குப் பொன் தகட்டில் தமிழில் எழுதிய மடல் இன்று கோபன்ஹேகனில், டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. டேனிஷ்காரர்கள் 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். பொன்மடலோ அவர்கள் நாட்டிலேயே தங்கிவிட்டது.

காரைக்காலைப் பற்றிய பிரெஞ்சு நிர்வாக ஆவணங்கள் ஏராளமாகத் தெற்குப் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் அடுக்கப்பட்டுள்ளன.

நாகப்பட்டினத்தின் கதை இன்னும் பழையது. ஸ்ரீவிஜய மன்னர் அங்கே எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக அளித்தான். அந்தக் கொடையைச் சொல்லும் 21 ஏடுகளும், முதலாம் குலோத்துங்கன் காலத்து 3 சிறிய ஏடுகளும் டச்சு ஆட்சிக்காலத்தில் கப்பலேறின. அவை நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததால், சோழர் செப்பேடு ஒன்று உலகமெங்கும் லெய்டன் செப்பேடு என்றே வழங்கலாயிற்று.

இப்படிப் போனதெல்லாம் கொள்ளைதான் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. சில பரிசாகப் போயின, சில விலைக்குப் போயின, சில கேட்பாரின்றிப் போயின. காப்பகத்தில் இருந்ததால் அவை பிழைத்தன, அறிஞர்கள் படித்தார்கள், பதிப்பித்தார்கள். ஆனைமங்கலச் செப்பேடு இல்லாவிட்டால் கடல்கடந்த ஓர் அரசனுக்கும் சோழனுக்கும் இருந்த உறவை இவ்வளவு தெளிவாக நாம் அறிந்திருக்க மாட்டோம். இதை நன்றியோடு சொல்ல வேண்டும். அந்த ஏடுகளில் ஊரின் பெயர், எல்லை, கொடுத்தவன், பெற்றவன் எல்லாம் வெட்டியிருப்பதால் அவை எந்த நாட்டில் இருந்தாலும் எந்த மண்ணைச் சேர்ந்தவை என்பதில் யாருக்கும் ஐயம் வராது.

நாகப்பட்டினத்தின் புத்தர்கள்

அதே விகாரம் இருந்த பகுதியில் 1856இல் தொடங்கி அடுத்த எண்பது ஆண்டுகளில் சுமார் 350 பௌத்த வெண்கலத் திருமேனிகள் மண்ணிலிருந்து கிடைத்தன. பழைய விகாரத்தின் எச்சமாக நின்ற கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. கட்டடம் போய்விட்டது, திருமேனிகள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தன. சில வேறு அருங்காட்சியகங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போயின.

காரைக்காலில் நிர்வாகம் கைமாறிய அதே 1954இல், தொல்லியல் அறிஞர் டி.என். இராமச்சந்திரன் இந்த வெண்கலங்களைப் பற்றிய விரிவான ஆய்வைச் சென்னை அருங்காட்சியக வெளியீடாகக் கொண்டுவந்தார். பீடத்தில் தமிழ் எழுத்துப் பொறித்த திருமேனிகளும் அவற்றில் உண்டு. இன்று அந்தத் திருமேனிகளில் ஒன்றை உலகின் எந்த மூலையில் பார்த்தாலும் அருகே நாகப்பட்டினம் என்ற பெயர் இருக்கிறது. சோழ நாட்டில் பௌத்தம் பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்தது என்பதற்கு அவையே சாட்சி. விகாரம் இடிந்த பிறகும் அந்தச் சாட்சியம் அழியாமல் நிற்பதற்கு, கிடைத்த இடத்தை ஒருவர் எழுதி வைத்ததே காரணம்.

எழுதி வைக்காதவை

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரியிலேயே ஒரு சான்று உண்டு. அங்கே பிரெஞ்சுக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ழுவோ துப்ரேய், தென்னிந்தியக் கோயிற்கலையைக் கற்றுத் தேர்ந்தவர். பல்லவர் கலையைப் பற்றி அவர் எழுதியவை இன்றும் மேற்கோளாகின்றன. புதுச்சேரியை அடுத்த தொல்லியல் களமான அரிக்கமேட்டின் அருமையை முன்கூட்டியே உணர்ந்தவர்களில் அவரும் ஒருவர். அதே அறிஞர்தான் 1920களில் காஞ்சிபுரம் வட்டாரத்திலிருந்து யோகினித் தேவியரின் கற்சிற்பங்களைத் திரட்டி, பாரிசில் இருந்த கலைப்பொருள் வணிகர் சி.டி. லூவுக்கு அனுப்பினார்.

பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தத் தேவியர் ஒரே கோயிலில், ஒருவரை ஒருவர் பார்த்தபடி அமர்ந்திருந்தவர்கள். வணிகர் அவர்களைத் தனித்தனியாக விற்றார். இன்று ஒருத்தி பாரிசில், ஒருத்தி லண்டனில், ஒருத்தி வாஷிங்டனில், இன்னும் சிலர் அமெரிக்க, கனடிய நகரங்களில், ஒருத்தி சென்னையில். அவர்களைத் தேடிப் பேராசிரியர் பத்மா கைமல் ஒரு நூலே எழுதினார். சிற்பங்கள் இருக்கும் இடமெல்லாம் தெரிந்துவிட்டது. அவை இருந்த கோயில் எது என்பது மட்டும் உறுதியாகவில்லை. பத்துக்கும் மேற்பட்ட தேவியர் பத்திரமாக இருக்கிறார்கள், அவர்களின் வீடு தொலைந்துவிட்டது.

கடல் கடந்த அம்மையார்

நம் காரைக்காலின் பெயரைச் சுமந்து நிற்கும் திருமேனிகளுக்கும் இதே குறை உண்டு. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஒரு காரைக்கால் அம்மையார் இருக்கிறார். அமெரிக்காவின் நடுப்பகுதியில், கான்சாஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இன்னொரு அம்மையார் இருக்கிறார். இரண்டும் சோழர் மரபில் வார்த்த வெண்கலங்கள்.

கான்சாஸ் சிட்டி அம்மையாரைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தரையில் அமர்ந்த கோலம். கைகளில் தாளம். விலா எலும்புகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி நெஞ்சு ஒட்டியிருக்கிறது. முலைகள் வற்றித் தொங்குகின்றன, தோள் எலும்பு துருத்துகிறது. ஆனால் முகத்தில் வாட்டம் இல்லை. ஆடுகிறவனின் காலடியில் அமர்ந்து தாளம் தட்டுகிறவளின் நிறைவு அந்த முகத்தில் இருக்கிறது. அழகை வேண்டாமென்று இறைவனிடம் திருப்பிக் கொடுத்த ஒரு பெண்ணை இத்தனை அழகாக வார்த்த கைவினைஞர் யாரோ, அவர் நம் மண்ணின் மகாகலைஞர்.

அம்மையார் கடல் கடந்தது புதிதும் அல்ல. கங்கைகொண்ட சோழபுரத்து நடராசர் சிற்பத்தின் காலடியில் இருப்பவர், அதற்கு முன்பே, 967இல் குடமுழுக்குக் கண்ட கம்போடியாவின் பன்தே ஸ்ரீ கோயிலில் ஆடும் சிவனின் அருகே அமர்ந்துவிட்டார். அன்று அவரைக் கொண்டுபோனது பக்தி. அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது கலைச்சந்தை. அந்தச் சந்தையில் கைமாறும் திருமேனிகளோடு எந்த ஊர், எந்தக் கோயில், எந்தச் சன்னிதி என்ற குறிப்பு பெரும்பாலும் போவதில்லை. தமிழ்நாடு, சோழர் காலம் என்ற அளவில் முகவரி நின்றுவிடுகிறது.

வெளியீடு எண் 1

இனி மறுபக்கத்துக்கு வருவோம். இந்தியாவும் பிரான்சும் கைமாற்றத்தைப் பேசி முடித்தபோது, புதுச்சேரியில் ஓர் ஆய்வு நிறுவனம் தொடர்ந்து இயங்க இடம் விட்டார்கள். அப்படி 1955 மார்ச்சில் பிறந்தது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம். சமஸ்கிருதமும் தமிழும் கற்ற ழான் ஃபிலியோசா அதை நிறுவினார்.

அந்த நிறுவனத்தின் இந்தியவியல் வரிசையில் 1956இல் வந்த முதல் வெளியீடு எது தெரியுமா? காரைக்கால் அம்மையாரின் பாடல்கள். காரவேலன் அவற்றைப் பதிப்பித்து பிரெஞ்சில் பெயர்த்தார். பிரெஞ்சு ஆட்சி காரைக்காலை விட்டுப் போன இரண்டே ஆண்டில், பிரெஞ்சு அறிஞர் சபை காரைக்காலின் மகளைத் தன் முதல் நூலாக ஏற்றது. இந்தத் தொடரில் எத்தனையோ ஒப்பந்தங்களையும் போர்களையும் எழுதியாயிற்று. இரு நாட்டு உறவில் இதைவிட மேலான ஒரு செய்தியை நான் எழுதவில்லை.

அதே 1956இல் நிறுவனம் இன்னொரு வேலையையும் தொடங்கியது. புகைப்படக்காரர்களும் அறிஞர்களும் ஊர் ஊராகப் போய்க் கோயில்களைப் படம் எடுத்தார்கள். பெரிய கோயில், பாழடைந்த கோயில் என்று பார்க்கவில்லை. கோபுரம், தூண், கோட்டச் சிற்பம், உலோகத் திருமேனி எல்லாவற்றையும் எடுத்து, ஊர், கோயில், மூர்த்தி, எடுத்த காலம் என்று குறித்து வைத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே சேர்ந்தன. எடுத்தவர்களின் நோக்கம் ஆய்வு. பிற்காலத்தில் அது ஊர்களின் சொத்துப் பத்திரமாக ஆகப்போகிறது என்று அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஸ்ரீபுரந்தான் நடராசர்

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயில் பல ஆண்டுகள் வழிபாடு குறைந்து பூட்டிக் கிடந்தது. 2006இல் அங்கிருந்த நடராசர் திருடப்பட்டார். 2008இல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம், கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூரின் நியூயார்க் கடையிலிருந்து 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஒரு நடராசரை வாங்கியது. பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறிய சிலை என்று காட்டப் பத்திரங்கள் இருந்தன. அவை பொய்ப் பத்திரங்கள்.

பொய்யை உடைத்தது புதுச்சேரியில் இருந்த ஒரு புகைப்படம். ஸ்ரீபுரந்தான் கோயிலில் வைத்து 1990களில் எடுத்த படத்தில் இருப்பவரும் கான்பெராவில் நிற்பவரும் ஒருவரே என்று ஆகிவிட்டது.

ஒரு படத்தை வைத்து இதை எப்படி உறுதிப்படுத்த முடியும்? சோழ நாட்டு வார்ப்பு முறையிலேயே அதற்கு விடை இருக்கிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து திருமேனியை முழுமையாக மெழுகில் செய்கிறார்கள். அதன்மேல் ஆற்று வண்டலைப் பூசிக் காயவைக்கிறார்கள். சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்துவிடுகிறார்கள். அச்சு ஒரே முறைதான். ஆகவே ஒரு நடராசரைப் போல இன்னொரு நடராசர் இருக்க முடியாது. திருவாசியின் ஒரு சுடரில் ஒடிவு, பீடத்தில் ஒரு பள்ளம், விரிசடையின் ஒரு வளைவு என ஒவ்வொன்றும் மனிதருக்குக் கைரேகை போல அந்தத் திருமேனிக்கே உரியது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் போதும்.

2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் புதுதில்லிக்கு வந்து அந்த நடராசரை ஒப்படைத்தார். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிற்பமும் அப்போதே சிட்னியிலிருந்து திரும்பியது. 2011இல் ஜெர்மனியில் பிடிபட்ட கபூருக்கு, உடையார்பாளையம் பகுதிச் சிலைத் திருட்டு வழக்கொன்றில் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

காஞ்சித் தேவியருக்கும் ஸ்ரீபுரந்தான் நடராசருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஊர்ப்பெயரோடு ஒரு பதிவு இருந்தவர் திரும்பினார். பதிவு இல்லாதவர்கள் எங்கே திரும்புவது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

திருமேனி எங்கே இருக்க வேண்டும்?

திரும்பி வந்ததோடு கேள்வி முடிவதில்லை. காவிரிப் படுகையின் சிறு கோயில்கள் பலவற்றில் காவலர் இல்லை. ஆகவே உலோகத் திருமேனிகளை ஒரே இடத்தில் வைத்துக் காக்கும் மையங்களை அரசு நடத்துகிறது. அங்கே திருமேனிகள் களவு போகாமல் இருக்கின்றன. ஆனால் விளக்கு, அபிடேகம், ஆடை, வீதியுலா எதுவும் அன்றாடம் கிடைப்பதில்லை. ஊரார் தினமும் கண்டு கும்பிடவும் முடிவதில்லை. அருங்காட்சியகத்திலாவது பள்ளிப் பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

என் முடிவைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வழிபாடு உயிரோடு இருக்கும் இடத்தில் திருமேனிக்கு உரிய இடம் கோயில்தான். காரைக்காலில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை அழைப்பில் அம்மையாரின் கணவர் பரமதத்தர் வருகிறார். மறுநாள் புனிதவதியாருக்கு, அதாவது அம்மையாருக்கு, திருக்கல்யாணம். அடுத்து பவழக்கால் சப்பரத்தில் பிச்சாண்டவர் வீதியுலா கிளம்புகிறார். அவர் ஒவ்வொரு வீட்டையும் கடக்கும்போது மாடியிலிருந்தும் திண்ணையிலிருந்தும் மக்கள் மாம்பழங்களை இறைக்கிறார்கள். குழந்தை வரம் வேண்டி முந்தானையில் பிடிக்கிற பெண்கள், தோளில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு எட்டிப் பிடிக்கிற அப்பாக்கள், பிடித்த பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற கிழவிகள் என்று தெரு நிறைந்திருக்கும். மஸ்தான் சாகிப் தர்காவின் கந்தூரி ரதம் போகும்போதும் தெருவில் நிற்பது இதே ஊர்தான். இதை எந்தக் கண்ணாடிப் பெட்டியாலும் காக்க முடியாது.

அருங்காட்சியகத்தின் வேலை வேறு. வழிபாடு நின்றுபோனதை, மண்ணில் கிடைத்ததை, ஆட்சி மாறியபோது அநாதையானதை அது காக்க வேண்டும். வழிபாட்டில் இருப்பதைப் படமாகவும் குறிப்பாகவும் காக்க வேண்டும். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளும் மட்பாண்டங்களும் இருக்கின்றன. தரங்கம்பாடிக் கோட்டையின் அருங்காட்சியகத்தில் டேனிஷ் காலப் பொருள்கள் இருக்கின்றன. காரைக்கால் பிள்ளைகளுக்குத் தரங்கம்பாடி கூப்பிடு தூரம். பள்ளிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது அழைத்துப் போக வேண்டும்.

வீட்டுப் பெட்டியில் இருப்பது

கோயிலிலும் கோட்டையிலும் மட்டுமே வரலாறு இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853இல் மார்த்தினிக்குக்கும் 1854 டிசம்பரில் குவாதலூப்புக்கும் ஒரேலி என்ற கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளரைக் கொண்டுபோய் இறக்கியது. பிறகு காரைக்கால் துறையிலிருந்தும் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். பதிவேடுகளில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் என்று எழுதினார்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் ரீயூனியனிலிருந்தும் குவாதலூப்பிலிருந்தும் அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு மூதாதையரின் ஊரைத் தேடி வருகிறார்கள். தமிழ் மறந்துபோனவர்களுக்கு அந்த வரி மட்டுமே ஊருக்கு வழி காட்டுகிறது.

அவர்கள் வந்து கேட்கும்போது காட்டுவதற்கு இந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது? சைகோனில் வேலை பார்த்த தாத்தாவின் படம், 1881 ஆணையின்படி பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக் குடும்பப்பெயர் எடுத்துக்கொண்டவரின் பத்திரம், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரின் பதக்கம், பிரெஞ்சில் எழுதிய பிறப்புச் சான்று. காரைக்கால் வீடுகளின் தகரப் பெட்டிகளில் இவை கிடக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது கரையோரக் குப்பங்களில் உயிர்களோடு இப்படிப்பட்ட பெட்டிகளும் போயின. போன உயிருக்கு ஈடில்லை. போன காகிதத்துக்குப் படி இருந்திருந்தால் அது மட்டுமாவது மிஞ்சியிருக்கும்.

படி எடுப்பதன் வலிமைக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பே சான்று. 1736 முதல் 1761 வரை அவர் எழுதியதை 1846இல் கலுவா மோன்பிரோன் தேடிக் கண்டு படி எடுக்கச் செய்தார். அந்தப் படிகள் பாரிசுக்கும் போயின. பின்னாளில் சென்னை அரசு 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. இந்தத் தொடரின் பல அத்தியாயங்களை அந்த நாட்குறிப்பு இல்லாமல் நான் எழுதியிருக்க முடியாது.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கோயில், தர்கா, தேவாலயம் எதுவானாலும் அங்குள்ள பழைய பொருள்களைப் பொறுப்பாளர்களின் இசைவோடு நான்கு பக்கமும் படம் எடுத்து, ஊரும் தேதியும் குறித்து வையுங்கள். ஒரு படி ஊரில் இருக்கட்டும், ஒரு படி ஏதேனும் ஆய்வு நிறுவனத்திடமோ நூலகத்திடமோ இருக்கட்டும். வீட்டிலுள்ள பழைய புகைப்படங்களின் பின்புறம் மென்மையான பென்சிலால் படத்தில் இருப்பவர், ஊர், தெரு, ஆண்டு இவற்றை எழுதுங்கள். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

(தொடரும்)